படியேறிப் போனவர்களின் ஆல்பம்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘தி ரைசிங்’ ஆல்பத்தை, செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ராக் இசை கொடுத்த நம்பிக்கையான பதில் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று நீங்களும் கேட்டுப் பார்த்திருக்கிறீர்கள். சில பாட்டு கல்யாண வீட்டுக் கொண்டாட்டம் மாதிரி இருக்கிறது, சில பாட்டு தாக்குதலுக்கு முன்னாலேயே எழுதியதாம், அப்படியிருக்க இது பதிலா, சாவு வீட்டில் விரித்த கடையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. முன்பே எழுதிய பாட்டு பின்னால் வந்த துயரத்துக்குப் பதிலாக முடியுமா என்பது ஒன்று. இன்னொன்றை நீங்கள் நேராகக் கேட்கவில்லை: ஏறத்தாழ மூவாயிரம் பேர் செத்த பிறகு ஒரு பணக்காரப் பாடகர் கிட்டாரை எடுத்து ‘எழுந்து வா’ என்று பாடினால், அதை எதை வைத்து நம்புவது? இரண்டாவதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபத்து மூன்று வருடமாக ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக்சிங் செய்கிறேன், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலப்பது. சினிமா, விளம்பரம் எல்லாம் உண்டு. ஆனால் வருடத்தில் பாதி நாள் எனக்குச் சோறு போடுவது தேவாலயக் கொயர் ஒலிப்பதிவுகள். ஐம்பது பேர் ஒரே அறையில் நின்று ஒரு பல்லவியை எடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டுப் பழகிய காது இது. இந்த ஆல்பத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தக் காது சொல்வது. அமெரிக்காவில் நான் வாழ்ந்ததில்லை. அன்று வீட்டு ஆளைப் பறிகொடுத்த ஒருவர் இந்தப் பாட்டுகளை எப்படிக் கேட்பார் என்று அவர் சார்பில் பேச எனக்கு உரிமை கிடையாது.

முதலில் சந்தேகமில்லாத விஷயங்கள். ஆல்பம் 2002 ஜூலை 30 அன்று கொலம்பியா நிறுவனம் வழியாக வந்தது. 15 பாட்டு, ஏறக்குறைய 73 நிமிடம். 1984-ல் வந்த ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’வுக்குப் பிறகு, 18 வருடம் கழித்து, அவருடைய குழுவான இ ஸ்ட்ரீட் பேண்ட் அவரோடு முழுமையாகச் சேர்ந்து செய்த ஸ்டுடியோ ஆல்பம். ஒலிப்பதிவு நடந்தது அட்லாண்டாவில். தயாரிப்பாளர் பிரெண்டன் ஓ’பிரையன். பேர்ல் ஜாம், ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் போன்ற குழுக்களோடு வேலை செய்தவர். 1975 முதல் தயாரிப்பில் கூடவே இருந்த ஜான் லாண்டாவ் இந்த முறை அந்த நாற்காலியில் இல்லை. இந்த மாற்றத்தைக் காதால் கேட்கலாம். பழைய ஸ்பிரிங்ஸ்டீன் ஆல்பங்களில் பியானோவும் ஆர்கனும் ஒரு மதில் மாதிரி எழும்பி நிற்கும். இங்கே அவை பின்னால் போய் கிட்டார்கள் முன்னால் வந்துவிட்டன. சரணங்களில் குரலைச் சுற்றிக் காலி இடம் விட்டிருக்கிறார்கள். பல்லவி வந்ததும் அந்த இடம் மனிதக் குரல்களால் நிரம்புகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

‘பாதிப் பாட்டு பழசு’ என்று உங்களிடம் யாரோ சொன்னது மிகை. உறுதியாகப் பழசு என்று சொல்லக்கூடியவை நான்கு. ‘நத்திங் மேன்’ 1994-ல் எழுதியது. ‘வெய்ட்டின் ஆன் எ சன்னி டே’ தொண்ணூறுகளின் பிற்பகுதி. ‘ஃபர்தர் ஆன்’ 2000-லேயே மேடையில் பாடப்பட்டது. நான்காவது, ஆல்பத்தை முடித்து வைக்கும் ‘மை சிட்டி ஆஃப் ரூயின்ஸ்’. இந்த நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பாட்டின் பாழடைந்த ஊர் நியூயார்க் அல்ல. நியூஜெர்சிக் கடற்கரையில் உள்ள அஸ்பரி பார்க். ஒரு காலத்தில் கோடைக்கு ஜனம் குவிந்த உல்லாச நகரம். 1970-ல் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு சரிந்து, கடைகள் பலகை அடிக்கப்பட்டு, கடற்கரையோரம் பாதியில் நின்றுபோன ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் எலும்புக்கூடு வருடக்கணக்கில் நின்றது. ஸ்பிரிங்ஸ்டீன் இளம் வயதில் மேடையேறி வாசித்த ஊர் அது. 1973-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே அதன் பெயர் இருக்கிறது. 2000 டிசம்பரில் அதே ஊர் மண்டபத்தில், ஊருக்காக நடந்த கிறிஸ்துமஸ் நிதி நிகழ்ச்சியில் இந்தப் பாட்டைப் பாடினார். ஒன்பது மாதம் கழித்து, 2001 செப்டம்பர் 21 அன்று, தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஒன்றுசேர்ந்து விளம்பரமில்லாமல் ஒளிபரப்பிய நிகழ்ச்சியை இதே பாட்டோடு அவர்தான் தொடங்கினார். வீழ்ந்துபோன நம் சகோதர சகோதரிகளுக்கான ஜெபம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். அந்த நிகழ்ச்சிக்கென்று ‘இன்டு தி ஃபயர்’ என்ற புதுப் பாட்டைத்தான் எழுதத் தொடங்கியிருந்தார், அது முடியவில்லை. கையில் இருந்ததைப் பாடினார்.

பாட்டில் ஒரு காட்சி வரும். தேவாலயக் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஆர்கன் ஒலிக்கிறது, ஆனால் சபை இல்லை. 2000-ல் இது பிழைப்புத் தேடிக் கலைந்துபோன ஒரு ஊரின் படம். 2001 செப்டம்பரில் அதே வரி வேறு காரணத்துக்காகக் காலியான இருக்கைகளைக் காட்டியது. ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. நம் ஊரிலும் சாவு வீட்டில் பாடுகிறவர்கள் அன்று காலையில் புதிதாக எழுதிக்கொண்டு வருவதில்லை. எப்போதோ யாருக்கோ பாடியதுதான் இன்று இவருக்குப் பொருந்துகிறது. எனவே ‘முன்பே எழுதியது’ என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அவசரத்தில் எழுதிய பாட்டுதான் அந்த அவசரத்தோடேயே செத்துப்போகும் என்பது என் அனுபவம். வெள்ளம், புயல் என்று ஒவ்வொரு முறையும் ‘இரண்டு நாளில் ஒரு பாட்டு வேண்டும் சார்’ என்று வருவார்கள். மிக்ஸ் செய்து கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றின் மெட்டுகூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

புதிதாக எழுதியவற்றில் இந்த ஆல்பம் எந்த இடத்திலிருந்து பேசுகிறது என்று பாருங்கள். ‘தேசத் துயரம்’ என்று எழுதியிருந்தீர்கள். ஆல்பத்தில் தேசம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அமெரிக்கா என்ற சொல் இல்லை, நியூயார்க் இல்லை, கோபுரம் இல்லை, தேதி இல்லை, எதிரியின் பெயர் இல்லை. ‘பாரடைஸ்’ என்ற பாட்டில் வர்ஜீனியா என்று ஒரு இடப்பெயர் வருகிறது. அன்று தாக்கப்பட்ட ராணுவத் தலைமையகமான பென்டகன் இருப்பது அந்த மாநிலத்தில், அவ்வளவுதான் துப்பு. மற்றபடி இருப்பதெல்லாம் சமையலறை, படிக்கட்டு, படுக்கை, அலமாரி. அதே 2002-ல் டோபி கீத் பாடிய, பழிவாங்குவோம் என்ற ஆவேசப் பாட்டு கண்ட்ரி வானொலிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கொடி உண்டு, கழுகு உண்டு, சுதந்திர தேவி சிலை உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஸ்பிரிங்ஸ்டீன் எதைத் தள்ளி வைத்தார் என்பது புரியும்.

ஏன் தள்ளி வைத்தார் என்பதற்கு என்னிடம் இருப்பது ஊகம்தான். 1984-ல் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பாட்டு வியட்நாமிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் நின்றவனின் கசப்பைப் பாடியது. ஆனால் பல்லவியின் முழக்கம் பெரிதாக இருந்ததால் ஜனம் அதைத் தேசபக்திப் பாட்டு என்று எடுத்துக்கொண்டது, அந்த வருடத் தேர்தல் பிரசாரத்தில் ரீகன் நியூஜெர்சிக்கு வந்து ஸ்பிரிங்ஸ்டீன் பெயரையே மேடையில் இழுத்தார். ஒருமுறை சூடு கண்ட பூனை. இன்னொரு சங்கதியும் உண்டு. 2000-ல், நியூயார்க் போலீசார் 41 முறை சுட்டதில் இறந்த அமடு டியாலோ என்ற நிராயுதபாணி இளைஞனைப் பற்றி அவர் ஒரு பாட்டுப் பாடி, போலீஸ் சங்கங்கள் அவரைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தன. அதே ஊரின் சீருடைக்காரர்களுக்கு இரண்டு வருடம் கழித்து இரங்கல் பாடுகிறவர் கொடியைப் பிடித்துக்கொண்டு பாட முடியாது. ஆனால் இதெல்லாம் நான் கோத்துப் பார்ப்பது. அப்படியேதான் அவரும் யோசித்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது ‘யூ ஆர் மிஸ்ஸிங்’ பாட்டுக்கு வருகிறேன். இந்த ஆல்பத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் வைத்துக்கொள்வது இதைத்தான். பாட்டில் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் இருக்கிறது. அலமாரியில் சட்டைகள், கூடத்தில் செருப்பு, சமையல் மேடையில் காபிக் கோப்பைகள், நாற்காலியில் மாட்டிய மேல்கோட்டு, வாசலில் செய்தித்தாள். எல்லாம் இருக்கிறது, நீ இல்லை. பிள்ளைகள் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்கள். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. போனவர் உட்கார்ந்த திண்ணை, உடுத்திய வேட்டி, சாப்பிட்ட வட்டில் என்று எண்ணி எண்ணி அழுவதுதான் நமக்கும் வழக்கம். வித்தியாசம் என்னவென்றால் ஒப்பாரியில் நடுவில் உடல் கிடக்கும்.

இங்கே உடல் இல்லை. அதுதான் தலைப்பு. உலக வர்த்தக மையத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேரின் எந்த எச்சமும் இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. தாக்குதல் முடிந்த வாரங்களில் நியூயார்க் சுவர்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் ‘காணவில்லை’ என்று புகைப்படம் ஒட்டிய தாள்கள் ஆயிரக்கணக்கில் தொங்கின. செத்துவிட்டார் என்று சொல்ல வாய் வராத நாட்கள் அவை. ‘நீ இறந்துவிட்டாய்’ என்று பாட்டு சொல்லவே இல்லை. ‘நீ காணோம்’ என்று மட்டும் சொல்கிறது. தாளம் ஏறவில்லை, பல்லவி வெடிக்கவில்லை. இந்த ஒரு பாட்டில் மட்டும் ஆறுதல் என்று எதையுமே வைக்காமல் விட்டிருக்கிறார். அந்த நேர்மைதான் மற்றப் பாட்டுகளில் அவர் ஆறுதல் சொல்லும்போது என்னை நம்ப வைக்கிறது.

அடுத்து படிக்கட்டு. அன்று இறந்த 2,977 பேரில் 343 பேர் நியூயார்க் தீயணைப்புத் துறையைச் சேர்ந்தவர்கள். ஜனம் கீழே இறங்கி ஓடிவரும்போது அவர்கள் மேலே ஏறிப் போன காட்சிதான் தன்னை விடாமல் பிடித்துக்கொண்டது என்று ஸ்பிரிங்ஸ்டீன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதிலிருந்து பிறந்தவை இரண்டு பாட்டு. ‘இன்டு தி ஃபயர்’ கீழே நின்றுவிட்ட மனைவியோ துணையோ பாடுவது. ‘தி ரைசிங்’ மேலே ஏறுகிறவனே பாடுவது. இரண்டாவதை ஆல்பத்தின் வேலை முடியப்போகும் கட்டத்தில்தான் எழுதினார். புகையில் முன்னால் எதுவும் தெரியவில்லை, பின்னால் வருகிறவர்களும் தெரியவில்லை, முதுகில் அறுபது பவுண்டு கல், தோளில் அரை மைல் கயிறு என்று தொடங்குகிறது. கல் என்பது மூச்சுக்கருவி உள்ளிட்ட சுமை, கயிறு என்பது தண்ணீர்க் குழாய் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘தீயணைப்பு வீரன்’ என்ற சொல்லைப் பாட்டு எங்கும் பயன்படுத்துவதில்லை. சிலுவை தூக்கிப் படியேறுகிறவனாகவும் கேட்கலாம். கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர் ஸ்பிரிங்ஸ்டீன். அந்தப் படிமங்கள் அவருக்கு வீட்டுச் சாமான் மாதிரி.

நடுவில் ஒரு தோட்டத்தில் மேரி நிற்கிறாள். இவள் யார் என்பது விவாதத்துக்குரியது. உயிர்த்தெழுந்த இயேசுவைத் தோட்டத்தில் முதலில் கண்ட மகதலேனா மரியாள் என்பார் சிலர். ஏறிப்போனவனின் மனைவி என்பார் சிலர். பிள்ளைகள் ஆடும் படங்களும் கூடவே வருவதால் இதற்கும் ஆதாரம் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கட்டும் என்றுதான் அந்தப் பெயரையே வைத்தார் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்க வழியில்லை. மேரி பாட்டுக்குப் பாட்டு அவரிடம் திரும்ப வருகிற பெயர் என்பது மட்டும் உண்மை.

இங்கே என் தொழிலுக்குள் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தன் பாட்டுகளில் சரணம் ப்ளூஸ், பல்லவி காஸ்பல் என்று ஸ்பிரிங்ஸ்டீனே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ப்ளூஸ் என்பது ஒருவன் தன் கஷ்டத்தைத் தன் வாயால் சொல்வது. காஸ்பல் என்பது கறுப்பினத் தேவாலயங்களில் சபை சேர்ந்து பாடுவது. இந்த ஆல்பத்தில் அது வெறும் பேச்சல்ல, மிக்ஸிலேயே இருக்கிறது. ‘இன்டு தி ஃபயர்’ சரணத்தில் ஒற்றைக் குரல், உலர்ந்து, காதுக்கு ரொம்பப் பக்கத்தில், கிராமத்து அக்கூஸ்டிக் வாத்தியங்களோடு. பல்லவியில் அவருடைய மனைவியும் குழுப் பாடகியுமான பாட்டி சியால்ஃபாவின் குரலும் மற்றவர்களின் குரல்களும் வந்து சேர்ந்து, உன் பலம் எங்களுக்குப் பலம் தரட்டும், உன் விசுவாசம் எங்களுக்கு விசுவாசம் தரட்டும் என்று ஜெபமாலை மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. சரணத்தில் ‘நான்’, பல்லவியில் ‘எங்களுக்கு’. கவனியுங்கள், பல்லவிக்குப் பிறகு வரும் சரணத்தில் அந்தப் பெண்ணின் நிலைமை துளியும் மாறியிருக்காது. போனவர் போனவர்தான். மாறுவது ஒன்றுதான்: அவள் தனியாகப் பாடவில்லை.

நம்பிக்கை எங்கே என்று கேட்டீர்களே, நான் காட்டக்கூடிய இடம் இதுதான். வரிகளில் தேடினால் சலிப்புதான் வரும். ‘நாளை வெயில் வரும்’ ரகத்தில் சில வரிகள் எனக்கும் திகட்டத்தான் செய்கின்றன. ஒற்றைக் குரல் பலர் குரலாகிற அந்த நொடியில் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். ‘தி ரைசிங்’ பாட்டில் இது உச்சத்துக்குப் போகிறது. வானத்தைப் பற்றிய அடுக்குமொழி ஒன்று வரும், கருமையின் வானம், கண்ணீரின் வானம், கருணையின் வானம் என்று. அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லாமல் எல்லோரும் ‘லி லி லி’ என்று வெறும் ஒலியைப் பாடுவார்கள். அர்த்தமில்லாத அசை. எங்கள் கொயர் வேலையில் ஒன்று பார்த்திருக்கிறேன்: அடக்க ஆராதனைக்கான பாட்டைப் பதிவு செய்யும்போது வார்த்தை உள்ள வரியில் யாருக்காவது தொண்டை அடைத்து நின்றுவிடும், ‘ஆ’ என்று மட்டும் இழுக்கும் இடத்தில் நிற்காது. அந்த ‘லி லி லி’யைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

கொண்டாட்டம் மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது ‘மேரிஸ் பிளேஸ்’தான் என்று நினைக்கிறேன். சாக்ஸஃபோன், கைதட்டல், மாடியைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு ஆட்டம். ஆனால் வரியைக் கவனித்துக் கேளுங்கள். ஏழு புத்தர் படங்கள், நாக்கில் தீர்க்கதரிசி, பதினொரு தேவதைகள் என்று கிடைத்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு ஒருவர் அந்த விருந்துக்குள் நிற்கிறார். போனவரின் படத்தைக் கழுத்துச் சங்கிலியில் போட்டிருக்கிறார். அவருக்குப் பிடித்த இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். நெஞ்சு உடைந்தபிறகு எப்படி வாழ்வது என்று பாட்டு நேராகவே கேட்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டில் சொந்தக்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, பாயாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய பாட்டு இது. இதை ஆல்பத்தில் பதினோராவதாக வைத்து, பன்னிரண்டாவதாக ‘யூ ஆர் மிஸ்ஸிங்’கை வைத்திருக்கிறார். விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு வீடு எப்படியிருக்கும் என்பதுதான் அடுத்த பாட்டு. நீங்கள் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டிருந்தால் இது நழுவிப்போயிருக்கும்.

எதிர்த்தரப்பு என்று சொல்லப்பட்டவர்களை அவர் எப்படிக் கையாண்டார் என்பதும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2002-ல் அது எளிதல்ல. ‘வேர்ல்ட்ஸ் அபார்ட்’ பாட்டில் பாகிஸ்தானிய கவ்வாலிப் பாடகர் ஆசிப் அலி கான் குழுவினரின் குரல்கள் இருக்கின்றன. இரண்டு உலகத்துக்கு நடுவில் அகப்பட்ட காதலர்களின் பாட்டு. அல்லாவின் பெயர் அதில் மழையோடு சேர்ந்து ஆசீர்வாதமாக வருகிறது. இசையாக அது எனக்கு முழுதாக ஒட்டவில்லை. கவ்வாலிக்கு வேண்டியது நேரம். மெல்ல மெல்லச் சூடேற அரைமணி கொடுக்க வேண்டிய ஒன்றை ஆறு நிமிட ராக் பாட்டுக்குள் ஓரமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்த வருடத்தில் அந்தக் குரலை அமெரிக்காவில் முதலிடம் பிடிக்கப்போகிற ஒரு ஆல்பத்துக்குள் கொண்டுவந்தது துணிச்சல்.

‘எம்ப்டி ஸ்கை’யில் கண்ணுக்குக் கண் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். விடிந்து எழுந்து பக்கத்துப் படுக்கை காலி என்று காணும் ஒருவரின் வாயில் அந்த வரி நியாயமாகத்தான் இருக்கிறது. பாட்டு அதை ஆதரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. இருபதாயிரம் பேர் கூடிய அரங்கில் அந்த வரிக்கு விசில் விழுந்தால் என்ன செய்வது என்ற ஆபத்தைப் பாட்டு தன் மேலேயே ஏற்றிக்கொள்கிறது. 2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கியபோது இந்த ஆல்பத்தின் சுற்றுப்பயணம் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அவர் கட்சி மேடைக்கு வந்தது 2004 தேர்தலில், புஷ்ஷுக்கு எதிராக.

எனக்கு இந்த ஆல்பத்தின் கடைசிப் புதிர் ‘பாரடைஸ்’. தலைப்புப் பாட்டு ஊரையே எழுப்பிவிட்டுப் போனதும், எவரும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். இவர் அடுத்து ஏறக்குறைய கிசுகிசுப்பில் இதைப் பாடுகிறார். முதல் சரணத்தில் பேசுவது பள்ளிப் பையில் வெடிமருந்தோடு சந்தைக்குப் போகும் ஒரு இளம் தற்கொலைப்படை ஆள். இரண்டாவதில் துணையை இழந்த ஒருவர், தொட்டுவிட ஏங்குகிறார். இருவரும் ஒரே சொர்க்கத்தை எதிர்பார்த்து நிற்கிறார்கள். மூன்றாவதில் ஒருவர் ஆற்றுக்குள் ஆழமாக இறங்கி மறுகரையில் போனவரைப் பார்க்கிறார். அந்தக் கண்களில் அமைதியைத் தேடுகிறார், அங்கே ஒன்றுமில்லை. பிறகு அலையைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறார், முகத்தில் வெயில் படுகிறது. பாட்டு முடிந்தது. அடுத்தது ‘மை சிட்டி ஆஃப் ரூயின்ஸ்’, மண்டியிட்டுக் கிடப்பவனை எழுந்து வா என்று கூப்பிடுவது. ஆக, படிக்கட்டில் மேலே போனவர் திரும்பவில்லை. நீருக்குள் கீழே போனவர் திரும்புகிறார். எழுந்து வருவது என்பது மூன்று பாட்டில் மூன்று திசைக்குப் போகிறது. இதைத் திட்டமிட்டே அடுக்கினார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

வியாபாரம் பற்றிய கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். வியாபாரம்தான். வெளியான அன்று காலையில் தேசியத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சி அஸ்பரி பார்க்கிலிருந்தே ஒளிபரப்பானது, அவர் அதில் பாடினார். இரவு நிகழ்ச்சிகளிலும் வந்தார். முதல் வாரத்தில் அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிக்கு மேல் விற்று பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இறங்கியது. 2003-ல் சிறந்த ராக் ஆல்பம் உட்பட கிராமி விருதுகள் வந்தன; ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான விருதை நோரா ஜோன்ஸ் கொண்டுபோனார். துயரத்தின் மேல் இத்தனை விளம்பர வெளிச்சம் தேவையா என்று அப்போதே கேட்டவர்கள் இருந்தார்கள், அவர்கள் கேட்டதில் தப்பில்லை. என் பக்கத்து வாதம் சின்னது. தாக்குதல் நடந்த சில நாளில், கடற்கரையில் காரை எடுத்துக்கொண்டிருந்தபோது, கடந்துபோன காரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கண்ணாடியை இறக்கி ‘நீங்கள் எங்களுக்கு வேண்டும்’ என்று கத்திவிட்டுப் போனதாக ஸ்பிரிங்ஸ்டீன் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் வசிக்கும் நியூஜெர்சியின் மான்மத் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். இறந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் தினமும் வந்த சிறு குறிப்புகளில், இன்னார் ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர் என்று திரும்பத் திரும்ப வந்தது. சில வீடுகளுக்கு அவரே போன் செய்து பேசினார். அதாவது கடை விரித்தவர் வெளியூர் வியாபாரி அல்ல, அதே தெருக்காரர். இதனால் விற்பனை புனிதமாகிவிடாது. ஆனால் சாவு வீட்டுக்கு யார் வந்தார் என்பதில் நமக்கு ஒரு வித்தியாசம் உண்டல்லவா?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் நீளம். சிடியில் இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பிய காலத்தின் வியாதி அது. ‘லெட்ஸ் பி ஃப்ரெண்ட்ஸ்’ எனக்கு எப்போதும் தாவிப்போகிற பாட்டு. ‘கவுண்டின் ஆன் எ மிராக்கிள்’ மின்சாரத்தில் அலறுவதைவிட ஒற்றைக் கிட்டாரில் இன்னும் நன்றாக இருந்திருக்கும். மாஸ்டரிங் என்கிற கடைசி ஒலிச் சீரமைப்பில், எல்லாவற்றையும் உரக்க ஏற்றிவிடும் அந்தக் காலத்துச் சத்தப் போட்டியும் தெரிகிறது. சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையே இன்னும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் விட்டிருந்தால் நான் மேலே சொன்ன அந்த நொடி இரட்டிப்பாகத் தைத்திருக்கும். பதினோரு பாட்டோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் கட்சி. எந்த நான்கை எடுப்பது என்று நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

முதல் கேள்விக்கு ஒரு பின்கதையும் உண்டு. 2006 ஏப்ரலில், கத்ரீனா புயலில் மூழ்கி எட்டு மாதமே ஆகியிருந்த நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஜாஸ் விழாவில் அவர் ‘மை சிட்டி ஆஃப் ரூயின்ஸ்’ பாடினார். அங்கே அது அந்த ஊர்ப் பாட்டாகிவிட்டது. ஆர்கன் கலைஞர் டேனி ஃபெடெரிசி 2008-லும் சாக்ஸஃபோன் கிளாரன்ஸ் கிளெமன்ஸ் 2011-லும் இறந்த பிறகு, 2012 சுற்றுப்பயணத்தில் அதே பாட்டின் நடுவே நிறுத்தி, குழுவில் யார் யார் வந்திருக்கிறார்கள், யாரைக் காணோம் என்று கூட்டத்திடம் கேட்பார். ஒரு கடற்கரை ஊருக்காக எழுதியது மூன்றாவது முறையாக இடம் மாறியிருந்தது.

நீங்கள் இன்னொரு முறை கேட்பதாக இருந்தால் முழு ஆல்பமும் வேண்டாம். பதினொன்றிலிருந்து பதினைந்து வரை, அந்த ஐந்தை மட்டும் வரிசை மாற்றாமல், ஹெட்ஃபோனில் கேளுங்கள். ‘யூ ஆர் மிஸ்ஸிங்’ முடிவில் பாடுகிறவர் நிறுத்திய பிறகும் ஃபெடெரிசியின் ஆர்கன் தனியாகக் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருக்கும். அவசரப்பட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள்.